விதிப் புத்தகத்தில் மூக்கு இல்லை

மார்ச் 3

வாலு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அதைப் பார்த்து நீ உதட்டைச் சுழிப்பாய் என்று தோன்றியது. அடித்த இடம் அசிங்கமாக இருந்ததால் வேறு தாள் எடுத்தேன். ஆக, அன்பும் போயிற்று, தாளும் போயிற்று.

உன் முகவரியை உன் அண்ணன் தரவில்லை. நீ அவருக்கு அனுப்பிய உறையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "அதை யாரும் எடுக்க வேண்டாம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். யாரும் என்றால் இந்த வீட்டில் நானும் பாப்பாவும்தான். பாப்பாவுக்கு ஃபிரிட்ஜ் எட்டாது.

நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, சமையலறை மேசையில் ஒரு காதை அவள் மூச்சில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோர்வை தப்பினால் அவள் அசைந்தாள் என்று அர்த்தம்.

டிசம்பரில் அரையிறுதி முடிந்து பேட் அறைக் கதவருகே நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "புது மெஷின் வருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?" நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தெரியும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அப்படி எழுதினால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

டேபிள் டென்னிஸ் பேட்டில், ரப்பருக்கு அடியிலிருக்கும் ஸ்பாஞ்சில் எண்ணெய் தடவி ஊறவைத்தால் அது உப்பிக்கொள்ளும். பந்து சீறிக்கொண்டு போகும். விதி அதைக் கூடாது என்கிறது. நீங்களெல்லாம் அதற்குத் 'தைலம்' என்று பெயர் வைத்து, பல் துலக்குகிற மாதிரி தினமும் செய்துகொண்டிருந்தீர்கள். ஆட்டத்துக்கு முன் பேட்டை வாங்கி மெஷினுக்குள் வைத்து, பச்சை விளக்கு எரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தப் பழைய மெஷினில் பச்சையைத் தவிர வேறு விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. அது செத்து எத்தனையோ வருஷம். ஒரு வாழைப்பழத்தை வைத்தாலும் பச்சை எரியும் என்று நீதான் ஒருநாள் வைத்துக் காட்டினாய். பழத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது என் மூக்கு என்ன ஆயிற்றென்று உனக்குத் தெரியும். லிஃப்டில் யார் இறங்கிப் போனார்கள் என்று சொல்வேன். பேட் அறையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பேட்டிலும் தைலம் வீசும். எந்த அணிக்கு எந்தத் தைலம் என்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 'மோப்பம்' என்று பெயர் வைத்தீர்கள். நீ வரிசையில் நின்று, "மோப்பம் அண்ணி, என்னோடது எப்படி மணக்குது?" என்று நீட்டுவாய். "குமட்டுது, கொண்டு போ" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

லீக் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "உங்க மூக்கு விதிப் புத்தகத்தில இல்லம்மா. மெஷின் என்ன சொல்லுது? பச்சை. அப்புறம் என்ன?" என்றார். மெஷின் பழுது என்றேன். "பழுதுன்னா சிவப்புல்ல எரியணும்?" என்றார். திரும்பி வந்து அடுத்த பேட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய வாரத்தில், அந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் 'இந்த லீக்கில் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்' என்று பேட்டி கொடுத்தார். விளம்பரக் கம்பெனிகள் மிரண்டன. ரப்பரின் வீக்கத்தை அளக்கும் புது மெஷின் வந்து இறங்கியது. அரையிறுதிக்கு முந்தின நாள் செயலாளர் ஒவ்வோர் அணி மேனேஜருக்கும் போன் போட்டார். ஆபீஸில் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். "நாளைக்குப் பிள்ளைங்கள சுத்தமான பேட்டோட வரச் சொல்லுங்க." எல்லாரிடமும் அதே வாக்கியம். உங்கள் மேனேஜரிடமும்.

நீ அடுத்த சீசனில் வேறு அணிக்குப் போகிறாய் என்ற ஆத்திரத்தில் உங்கள் மேனேஜர் உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியாது. ஆனால் நானும் சொல்லவில்லை. அது தெரிந்தே சொல்லாதது.

மறுநாள் மெஷினுக்குள் உன் பேட்டை வைத்தது என் கை. சிவப்பு எரிந்தபோது, புது மெஷினும் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன்.

உன் மேல்முறையீடு மே மாதம் என்று உன் அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னார். பதில் போடு. திட்டியாவது போடு.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

திட்டச் சொன்னால் திட்ட வரவில்லை. அதுவும் உங்கள் தந்திரம்தானோ என்னவோ.

இங்கே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்வது அவர் வேலை, மூடிக்கொண்டு உட்கார்வது என் வேலை. லீக்கோடு சம்பந்தப்பட்ட எந்த அரங்கத்துக்குள்ளும் நான் கால் வைக்கக் கூடாதாம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூடாதாம். எதிர்த் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். மாலையில் பந்துச் சத்தம் கேட்கும். கேட்பதற்குத் தடை இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்கவில்லை.

நான் தைலம் போட்டேன். இல்லை என்று எங்கும் சொன்னதில்லை. போடாமல் ஒரு சீசன் ஆடிப் பார்த்தவள் நான், உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்து என் பக்கம் வருவதற்கும் என் கை போவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. அந்த வருஷம் அணியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் போட்டேன், திரும்ப எடுத்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் லீக் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி.

லீக் வெளியிட்ட அறிக்கையைப் படித்தீர்களா? 'இது ஒரு தனிநபரின் பேராசை. லீக்கின் கண்காணிப்பு எவ்வளவு விழிப்பானது என்பதற்கு இதுவே சான்று.' விழிப்பு! வாழைப்பழத்தை என்ன செய்தோம், தின்றுவிட்டோமா? அதைச் சான்றாக வைத்திருக்கலாம்.

இரண்டு வருஷத் தடை. என் முழங்கால் இரண்டு வருஷம் காத்திருக்காது, உங்களுக்கே தெரியும். முழுத் தடையும் நின்றால் நான் இனி ஆடப்போவதில்லை. அவ்வளவுதான் கணக்கு.

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் போன் பேச்சைக் கேட்டவர்களில் வெளியே சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். மே பதினொன்றாம் தேதி விசாரணைக் குழு முன்னால் வந்து, எனக்கு எழுதிய அதே வாக்கியத்தைச் சொல்வீர்களா? சொன்னால் தடை குறையும் என்கிறார் வக்கீல். அதைவிட, நான் தனியாக நிற்கிற இடத்தில் லீக்கும் வந்து நிற்கும்.

சொல்வீர்களா, மாட்டீர்களா? அன்றைக்கு மாதிரி இதற்கும் மூன்று மாதம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாப்பா படம் அனுப்பாதீர்கள். பார்த்தால் கோபம் இறங்கிவிடும். இப்போதைக்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

வாலு


மார்ச் 27

வாலு,

உடனே 'சொல்கிறேன்' என்று எழுத உட்கார்ந்தேன். 'சொ' வரைக்கும் வந்தது.

பாப்பாவுக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜனவரியில் ஆரம்பித்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும், பார்க்க முடியாது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாயிற்று. மருந்துப் புகைக்காக மூக்கில் வைக்கும் சின்ன மூடியைப் பார்த்தாலே இப்போது அவளுக்கு அழுகை. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் லீக் கொடுக்கிற மருத்துவக் காப்பீட்டில்தான் நடக்கிறது. உன் அண்ணன் வேலை ஒப்பந்த வேலை. இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் கேட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேனோ? எனக்கே தெரியவில்லை.

உனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அரையிறுதிக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் நம்பரை எடுத்தேன். முதல் மணி அடிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். 'நான் பேட் அறையில் உட்காருகிறவள், என் வீட்டு ஆளுக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னால் அதற்குப் பேர் என்ன?' என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எவ்வளவு நேர்மை பார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் நான் வீட்டுக்குச் சொல்வது தப்பு என்று போனைக் கவிழ்த்து வைக்கிறேன். பழுதான மெஷினுக்கு இத்தனை வருஷம் ஸ்டிக்கர் ஒட்டியவளுக்கு அந்த ஒரு சாயங்காலம் விதி நினைவுக்கு வந்தது. வந்ததும் போய் விழுந்தது உன் தலையில்.

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று பேனாவைக் கீழே வைத்து எடுத்தேன். உன் மேல் ஒரு சின்னக் கடுப்பு இருந்தது. வீட்டுப் பால்கனியில் நீ தைலம் போடும்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தது மனசில் இருந்தது. மாட்டினால்தான் விடுவாள் என்று ஒரு ஓரத்தில் நினைத்தேனா? நினைத்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

நேற்றுச் செயலாளர் என் மேசைக்கு வந்தார். பாப்பாவை விசாரித்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் எல்லாம் கேட்டார். போகும்போது, "காப்பீட்டுல ஏதாவது சிக்கல்னா நேரா என்கிட்ட வாங்க, நம்ம ஆபீஸ் ஒரு குடும்பம் மாதிரி" என்றார். இதற்கு முன் அவருக்கு என் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

உங்கள் கடிதத்தை மத்தியானம் பிரித்தேன். இழுப்பு என்ற இடத்தில் நிறுத்தி, அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், "இப்ப பரவாயில்ல, மூணு நாளா நல்லா தூங்குறா, நீ அழாத" என்றான். நான் அழவில்லை என்றேன். "சரி, யாரோ அழறாங்க, லைன் கிராஸ் ஆயிருச்சு போல" என்றான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ உங்க அண்ணி பேரை எடுக்காதன்னு சொன்னே. பாப்பா பேரை எப்படித் தனியா எடுக்கறது?" என்றான்.

போனை வைத்துவிட்டு உங்கள் கடிதத்தின் மீதியைப் படித்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பால்கனிதான் கண்ணில் நிற்கிறது. மழை என்றால் உள்ளே வந்து, துணி மடிக்கிற அறையில் செய்வேன். நீங்கள் ஏழு மாதம். மின்விசிறியைப் போட்டுவிட்டால் வாசனை போய்விடும் என்று நினைத்தேன். போய்விடும் என்று நினைக்கவில்லை, போய்விட்டது என்று வைத்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா அண்ணி? டாக்டரிடம் கேளுங்கள். என்னைக் காப்பாற்ற வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.

இங்கே என் டாக்டரிடம் கேட்டேன். "நான் பல் டாக்டர்மா" என்றார்.

விசாரணைக்கு வரச் சொல்லி நான் எழுதியதை மறந்துவிடுங்கள். மறக்க முடியாது என்றால் ஒதுக்கி வையுங்கள்.

படம் ஒன்று அனுப்புங்கள். தூங்குகிற படம்.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

டாக்டரிடம் கேட்டேன். "இதனாலதான்னு சொல்ல முடியாது, இதனால இல்லன்னும் சொல்ல முடியாது. நிறையக் குழந்தைங்களுக்கு வருதும்மா, வளர வளரப் போயிடும்" என்றார். வீட்டில் ஒருத்தி ஒரு பேட்டுக்கு எண்ணெய் போட்டாள் என்றேன். தலையை ஆட்டினார். "நீங்க எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். பேட் அறையைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் உண்டா என்றார். இல்லை. அங்கே ஒருநாளில் எத்தனை பேட் வரும் என்றார். எண்ணிச் சொன்னேன். எழுதிக்கொண்டே இருந்தார்.

பேருந்தில் வரும்போது பாப்பா மடியில் தூங்கினாள். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதிப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா, நான் ஒருத்திதான் முழுசாகப் படித்தேன் என்று கிண்டல் செய்வாயே. அதில், பசையும் எண்ணெயும் ஏன் கூடாது என்பதற்கு முதல் காரணமாகப் போட்டிருப்பது வேகம் இல்லை, வாலு. மூச்சு. அதைப் பூசுகிறவர்களும் பக்கத்தில் இருப்பவர்களும் சுவாசிக்கிற காற்று. ஆட்டம் நியாயமாக நடக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி.

அந்த முதல் வரியை வைத்துக்கொண்டே என்னை அந்த அறையில் உட்காரவைத்தார்கள். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் 'மணக்கிறது' என்று சொன்னபோதும், ஒரு ஆள் அந்த அறையின் கதவைத் திறந்து பார்க்க வரவில்லை. விதியை மதிக்காத நீயும், விதியைக் காக்காத நானும் ஒரு பக்கம் இருக்கட்டும். விதியை அச்சடித்து அலமாரியில் வைத்துவிட்டு, மாட்டுகிற அன்றைக்கு மட்டும் எடுத்துத் தூசி தட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

பால்கனிக் கணக்கை நீ உன் பேரில் எழுதிக்கொள்ளாதே. அதில் பேட் அறைதான் பெரிய தொகை.

உன் அண்ணனிடம் சொன்னேன், பதினொன்றாம் தேதி போகிறேன் என்று. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "வேலை போயிரும்" என்றார். போகட்டும் என்றேன். "போகட்டும்னு சொல்ற ஆளு ஏன் அந்தத் தட்டை மூணாவது தடவையா துடைக்கற?" என்றார். பிறகு தட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா" என்றார். டிசம்பருக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

வருகிறேன். சொல்கிறேன். படம் உள்ளே இருக்கிறது. தூங்குகிற படம் கேட்டாய். அவள் கேமராவைப் பார்த்தவுடன் எழுந்துவிட்டாள்.

அண்ணி


மே 8

அண்ணி,

இது உங்களுக்கு நேரத்துக்குக் கிடைக்க வேண்டும். பதினொன்றாம் தேதி வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். கடிதம் மெதுவாகப் போவதால் சொன்னதாக ஆகாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

லீக்கின் வக்கீல் கிளினிக்குக்கே வந்தார். பல் காட்ட வந்தவர் என்று நினைத்து டோக்கன் கொடுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும் என் மேசைக்கு வந்தார். தடையை ஒரு வருஷமாக்குகிறார்கள். டிசம்பரோடு முடிகிறது. அதற்கு நான் செய்ய வேண்டியது இரண்டு. தப்பு முழுக்க என்னுடையது என்று கையெழுத்துப் போட வேண்டும். மெஷின், மேனேஜர், போன், இவை பற்றி இனி எங்கும் பேசக் கூடாது.

"இல்லைன்னா?" என்றேன்.

"இல்லைன்னா விசாரணை நடக்கும். உங்க அண்ணி பேரும் சாட்சிப் பட்டியல்ல இருக்கு. சின்னக் குழந்தை வெச்சிருக்காங்க, பாவம், குறுக்கு விசாரணையெல்லாம் தாங்குவாங்களா?" என்றார். ரொம்ப அன்பாகச் சொன்னார். மிரட்டினால்கூட நான் எதிர்த்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்களுக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, டிசம்பர் என்று கேட்டவுடனே என் கை தானாக பேட் பிடிக்கிற மாதிரி மடங்கியது. அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

வர வேண்டாம் அண்ணி. வீட்டில் இருங்கள்.

வாலு


மே 13

வாலு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் முந்தாநாளே போய்விட்டேன்.

எழுதிவைத்ததை உறையில் போட்டுக்கொண்டு, பிரசவத்துக்கு முன் வாங்கிய நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. நான் மட்டும். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்துக் காபிக் கோப்பைகளை எடுக்க வந்த அம்மாதான், "யாருக்காகக் காத்திருக்கீங்க? அவங்கல்லாம் காலையிலயே கை குலுக்கிட்டுப் போயிட்டாங்களே" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள்.

அப்போது எனக்கு முதலில் என்ன வந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நிம்மதி வந்தது. முதுகுத்தண்டு வழியாக இறங்கிற்று, வெந்நீர் ஊற்றினாற்போல. வேலை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம். மாடிப்படி பாதி இறங்கும்வரை அந்த நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நீ முதலில் கேட்டது மார்ச் மாதம். அன்றே 'சொல்கிறேன்' என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு உன்னைத் தேடிவந்து டோக்கன் வாங்கி உட்காரத் தைரியம் வந்திருக்குமா? அவகாசம் கேட்டேன். நான் எடுத்துக்கொண்ட அவகாசத்தில் அவர்கள் வேலையை முடித்துக்கொண்டார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையெழுத்துப் போட்டது சரி. எனக்கு அந்தப் பெஞ்சு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அண்ணி


ஜூன் 20

அண்ணி,

பார்சலைக் குலுக்காதீர்கள். உள்ளே என் பேட்.

கிளினிக் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. சுவரோடு ஆடத் தடை இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். புது ரப்பர் ஒட்டியிருக்கிறேன். ஒரு சொட்டுத் தைலம் இல்லை. பந்து மந்தமாக வருகிறது, சுவருக்கு என்மேல் இரக்கம் போல. பரவாயில்லை. கை பழகிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் இப்படித்தான் ஆடப்போகிறேன். தூக்கினால் தூக்கட்டும்.

மற்றவர்களெல்லாம் பழையபடி போட ஆரம்பித்துவிட்டார்களாம். புது மெஷினை இறுதி ஆட்டங்களுக்கு மட்டும் வெளியே எடுப்பார்களாம். தோழி சொன்னாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதை மோந்து பாருங்கள். பச்சையா சிவப்பா என்று நீங்கள் சொல்ல வேண்டும். வேறு யார் ஸ்டிக்கரும் எனக்கு வேண்டாம்.

பாப்பாவுக்கு அத்தையின் முத்தம். இழுப்பு எப்படி இருக்கிறது?

வாலு


ஜூலை 2

அன்புள்ள வாலு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

இழுப்பு குறைந்திருக்கிறது. போன மாதம் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. இதை எழுதும்போதே, கண் பட்டுவிடக் கூடாதென்று மர மேசையைத் தொட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சேதி. உன் வாயைத்தான் அந்தத் தாள் கட்டியது. என் வாயை யாரும் கட்டவில்லை. கட்ட வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் நானாகவே மூடித்தானே வைத்திருந்தேன். பெஞ்சில் மடியில் வைத்திருந்த அதே உறையை விசாரணைக் குழுவுக்கும் ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும் போன மாதம் அனுப்பிவிட்டேன். பழைய மெஷின், போன், ஜன்னல், வாழைப்பழம் எல்லாம் அதில் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உன் தாளுக்குப் பங்கம் வராது.

என்ன ஆயிற்று என்று கேட்பாய். பூகம்பம் ஒன்றும் வரவில்லை. ஒரு செய்தித்தாளில் உள்பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி வந்தது. மேனேஜர்கள் ஒருத்தருக்கும் போன் வந்த நினைவே இல்லையாம். லீக்கிலிருந்து 'தங்கள் ஆலோசனைக்கு நன்றி' என்று பதில். ஆலோசனையாம். என்னை டிக்கெட் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காப்பீடு இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. செயலாளர் இப்போது பாப்பாவை விசாரிப்பதில்லை.

ஆனால் பேட் அறைச் சுவரில் ஓட்டை போட்டுக் காற்றை வெளியே தள்ளும் ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். அங்கே இப்போது புதிதாக ஒரு பெண் உட்காருகிறாள். நேற்று எட்டிப் பார்த்தேன். சத்தம் காதைப் பிளக்கிறது, யார் பேசினாலும் கேட்காது. இத்தனைக்கும் பிறகு லீக் ஒப்புக்கொண்ட ஒரே தப்பு அந்த மின்விசிறிதான். மார்ச்சிலேயே அனுப்பியிருந்தால் இதைவிட ஏதாவது கிடைத்திருக்கும். உனக்குக் கிடைத்திருக்கும். அதை நான் இனி எந்த உறையில் போட்டும் அனுப்ப முடியாது.

இனி உன் பேட்.

பிரித்தவுடன் மூக்கில் வைத்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். ஓரத்தை விரலால் தூக்கி உள்ளே முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை வாலு. தைலமும் தெரியவில்லை, புது ரப்பரும் தெரியவில்லை. பாப்பா பிறந்த பிறகு அந்த மூக்கு போய்விட்டது. இப்போதெல்லாம் அடுப்பில் பால் தீய்ந்து புகை வந்தால்தான் எனக்கு விளங்குகிறது. உன் அண்ணனிடம் நீட்டினேன். "எனக்கு ஜலதோஷம்" என்று அந்தப் பக்கம் போனார். மூக்கு நன்றாகத்தான் இருந்தது, கண்தான் சிவந்திருந்தது.

ஆக, நீ கேட்டதைச் சோதிக்க என்னிடம் மெஷினும் இல்லை, மூக்கும் இல்லை.

பேட்டைத் தரையில் வைத்துவிட்டு உன் கடிதத்தில் 'ஒரு சொட்டுத் தைலம் இல்லை' என்ற வரியை இன்னொரு தடவை படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், பாப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து, ரப்பரின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கிலுகிலுப்பையைக்கூடக் கொதிநீரில் போட்டெடுத்துக் கொடுக்கிறவள் நான், உனக்குத் தெரியும். பாய்ந்து எழுந்தேன். பிடுங்கக் கையை நீட்டினேன்.

அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாகக் கடித்தாள். எச்சில் வழிய வழியக் கடித்துவிட்டு, எனக்கும் ஒரு வாய் நீட்டினாள். மூச்சு சீராக இருந்தது. இரவு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டேன். சீராகத்தான் இருந்தது.

ரப்பரில் இரண்டு சின்னப் பல் பதிந்திருக்கிறது. அதோடு ஆடலாமா என்று விதிப் புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணி